எந்த வீட்டுப் பிள்ளை

அத்தியாயம் 14

மிரெய் தன் நாலு வயது மகள் எலோடியையும் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. போர்ட்லேண்டில் ஜேரட் எப்படி இருக்கிறான் என்று கேட்டால், “கிழங்கு அறுவடைக்கு ஆள் கிடைக்கலைன்னாங்க, அதான் வந்தேன்” என்கிறாள். கேள்வி மாப்பிள்ளையைப் பற்றி, பதில் உருளைக்கிழங்கைப் பற்றி.

பெற்றவளுக்கு இது புரியாதா? புரிந்தது. ஆனாலும் கொலெட் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

கேட்காமலே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தாள், அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

கொலெட் தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலுக்கு வந்து பத்தொன்பது வருடம். செயின்ட் ஒடீலில் இன்று பெரிய மனிதர்களாக நடமாடும் சிலரின் மூக்கை அவள் துடைத்துவிட்டிருக்கிறாள். அதைச் சபையில் சொல்லிக்காட்டவும் அவள் தயங்கியதில்லை. அறுவடைக்காகப் பள்ளிக்கூடத்தை மூன்று வாரம் மூடிவிடுகிற ஊர் அது. அந்த மூன்று வாரமும் தாய்மார்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையோடு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து கொலெட் வீட்டில் எட்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குப் போடும் சாப்பாட்டுக்கு அரசாங்கம் காசு தருகிறது. சும்மா தருவதில்லை. என்ன சமைத்தாய், யார் யார் சாப்பிட்டார்கள் என்று அன்றன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். வருடத்தில் மூன்று முறை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். அதில் இரண்டு முறையாவது சொல்லாமல் கொள்ளாமல் வருவார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. காலையில் வந்து மாலையில் போகிற பிள்ளைக்குத்தான் காசு. அந்த வீட்டிலேயே குடியிருக்கும் பிள்ளைக்குக் கிடையாது. வீட்டு வருமானம் குறைவு என்று காட்டினால் மட்டும் உண்டு. மரம் அறுக்கும் ஆலையில் முப்பது வருடமாக வேலை பார்க்கும் கணவன் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வந்த மறுநாளே மிரெய் சேர்க்கைப் படிவத்தில் போர்ட்லேண்ட் விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கொலெட்டும் வாங்கி, எலோடியின் பெயரை வந்து போகிற பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டாள். ஒரு குழந்தையின் மதியச் சாப்பாட்டுக் காசில் யாரும் மாடி வீடு கட்டிவிட முடியாது. அதற்காக அவள் எழுதவில்லை. ‘இந்த வீட்டில் குடியிருக்கும் பிள்ளை’ என்ற கட்டத்தில் பேத்தியின் பெயரை எழுதினால், மகளின் வாழ்க்கை முறிந்துபோனதைத் தன் கையாலேயே எழுதியதாக ஆகும். அதற்குத்தான் கை வரவில்லை. பேரையே எழுதாமல் விட்டிருக்கலாமே என்றால், மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் குழந்தை ஏதாவது ஒரு பட்டியலில் இருந்தாக வேண்டும்.

அறுவடைக்கு வந்த விருந்தாளி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வாரமாக அந்தச் சொல்லை வைத்தே காலம் தள்ளினாள்.

செவ்வாய் காலை பதினொன்றே முக்காலுக்கு அலுவலகத்திலிருந்து ஜினெட் வந்தாள்.

ஜினெட்டும் கொலெட்டும் ஒரே வருடம் ஒரே கோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் வாடி போடி என்றுதான் பேச்சு. ஆனால் சாப்பாட்டுத் திட்ட அலுவலகத்தின் பை தோளில் ஏறிவிட்டால் ஜினெட்டுக்கு ‘நீங்க’ தவிர வேறு வராது. கொலெட் அதற்காக அவளைப் பல முறை கிண்டல் செய்திருக்கிறாள்.

அன்றைக்குக் கோழிக் குழம்பும் பிளாயும். பக்வீட் என்ற தானியத்தின் மாவைக் கரைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுக்கும் மஞ்சள் அடை அது. திருப்பிப் போட்டு வேகவைத்தாள் என்று தெரிந்தால் அந்த ஊரில் ஒருத்தியை யாரும் சமையல்காரி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கூடவே பச்சை பீன்ஸ், ஆப்பிள் துண்டு, பால்.

ஜினெட் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு வயது தியோவின் குவளையில் கொழுப்பு எடுக்காத பால் இருக்கிறதா, மற்றவர்களுக்குக் கொழுப்பு குறைத்த பால் இருக்கிறதா என்று பார்த்தாள். தலைகளை எண்ணினாள், பட்டியலோடு ஒத்துப்பார்த்தாள். எட்டுக்கு எட்டு. கொலெட்டுக்கு இதில் என்றைக்குமே பயம் இருந்ததில்லை. வகுப்பில் முதல் மாணவி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜினெட் பேனாவை மூடிவிட்டாள். மூடியவள் பையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பிளாயைச் சுருட்டிக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்த எலோடியைப் பார்த்ததும் அவளுக்குப் பேச்சுக் கொடுக்கத் தோன்றியது. குழந்தைகளைக் கண்டால் எல்லோரும் செய்வதுதான்.

“உன்னைக் காலைல யாரும்மா இங்க கொண்டுவந்து விடறாங்க?”

எலோடி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள். “யாரும் இல்ல. நானே மாடியிலேர்ந்து இறங்கி வந்துருவேன். ராத்திரி எனக்குப் பயமா இருந்தா அம்மா என் கட்டில்ல படுத்துப்பா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் கொலெட்டுக்கு உறைத்தது.

பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜினெட் காத்திருந்தாள். பெரிய பிள்ளைகள் தட்டுகளை எடுத்துப் போய்த் தொட்டியில் போட்டார்கள். சின்னதுகள் பாயில் படுத்தன. அதற்குப் பிறகுதான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“காதுல விழுந்ததை விழலைன்னு எழுத என்னால முடியாது, கொலெட்.”

“அவ விருந்தாளி.”

“எத்தனை நாளா?”

“மூணு வாரமா.”

“எப்பக் கிளம்பறா?”

கொலெட் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அறுவடை சனிக்கிழமை முடிகிறது என்று சொல்ல வந்தாள். அது ஜினெட் கேட்ட கேள்விக்குப் பதிலல்ல. மகளிடமிருந்து தொற்றிக்கொண்ட வியாதி.

“நானா உங்களைக் கேக்கல, படிவம் கேக்குது” என்றாள் ஜினெட். குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் கொலெட்டும் பதிலுக்கு இரண்டு வார்த்தை விட்டிருப்பாள்.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். செப்டம்பர் மாதத்துப் பட்டியல் இன்னும் மேலே போகவில்லை. இன்று மாலை ஐந்து மணிவரை திருத்தலாம். திருத்தினால் அது ஒரு தவறு, அவ்வளவுதான். நூறு பேர் செய்கிற தவறு. திருத்தாமல் போய், பின்னால் தெரியவந்தால் அது பொய்க் கணக்கு. பொய்க் கணக்குக் கொடுத்தவர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் ஏறினால் இந்தத் திட்டத்தில் திரும்ப இடமில்லை. பத்தொன்பது வருடம் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதியதை யாரும் கேட்க மாட்டார்கள்.

“பழைய படிவத்துல பிள்ளையோட அம்மா கையெழுத்து இருக்கு. திருத்தறதும் அவங்கதான் திருத்தணும், நீங்க இல்ல. ஆத்தோரமா இன்னும் ரெண்டு வீடு பார்க்கணும் எனக்கு. அஞ்சு மணிக்கு வரேன்.”

மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். ஒன்று புதிய சேர்க்கைப் படிவம். இன்னொன்று வீட்டு வருமானப் படிவம். விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்றாள். மிரெய் தனியாகச் சமைக்கிறாளா என்றும் கேட்டுக்கொண்டாள். இல்லை என்றாள் கொலெட். “ஒரே அடுப்புன்னா ஒரே குடும்பம், எல்லார் வருமானத்தையும் சேர்த்து எழுதணும்” என்று சொல்லிவிட்டு ஜினெட் எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, “அவ நல்லா இருக்காளாடி?” என்று கேட்டாள்.

கொலெட் தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

மிரெய் இருப்பதோ எட்டு மைல் தள்ளி. அறுவடை இயந்திரத்தின் மேல் நின்றுகொண்டு, ஓடும் பட்டையில் கிழங்கோடு வரும் கல்லையும் கொடியையும் பொறுக்கி எறிகிற வேலை. அந்த இரைச்சலில் தொலைபேசி மணி அடித்தாலும் கேட்காது. பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொலெட் வீட்டுப் படியைத் தாண்ட முடியாது. சாதாரண நாளென்றால் மிரெய் திரும்ப ஆறு மணியாகும்.

ஒரு மணிக்கு வானம் கறுத்தது. ஒன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. மண் நனைந்தால் இயந்திரம் ஓடாது. ஊரில் மற்ற எல்லோரும் அந்த மழையைத் திட்டினார்கள். கொலெட் மட்டும் சன்னலருகே நின்று, பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பெய்த பிறகு, இதை எதற்கு வேண்டிக்கொண்டோம் என்றும் இருந்தது.

இரண்டரை மணிக்கு அப்பாவும் மகளும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். கொலெட்டின் கணவர் ரெயால் வருடா வருடம் அறுவடைக்கு ஆலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு கிழங்கு லாரி ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயதிலும் அது அவருக்கு ஒரு திருவிழா. இந்த வருடம் அவர் அவ்வளவாகப் பேசவில்லை. மகளை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று கொலெட் அதற்கும் தானே ஒரு காரணம் வைத்திருந்தாள். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராக விறகு எரியும் அடுப்பருகே போய், ஈரக் கையுறைகளை உலர்த்திக்கொண்டு நின்றார்.

கொலெட் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொல்லி, தாளை மகள் முன்னால் நகர்த்தினாள்.

மிரெய் முகமெல்லாம் மண் அப்பியிருந்தது. கைகூடக் கழுவவில்லை. தாளை மேலிருந்து கீழே படித்தாள். படிக்கப் படிக்கக் கோபம் ஏறியது.

“நாலு வயசுப் பிள்ளை ஒரு வாய் சாப்பிடறதுக்கு, நான் என் கல்யாணத்தைப் பத்தி அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கணுமா?”

“உன் கல்யாணத்தைப் பத்தி அதுல ஒரு கேள்வியும் இல்ல” என்றாள் கொலெட். “பிள்ளை ராத்திரி எந்த வீட்டுல படுக்குதுன்னு கேட்டிருக்கு. அதை எழுது போதும்.”

அதுதானே கல்யாணத்தைப் பற்றிய கேள்வி. இருவருக்கும் தெரியும்.

மிரெய் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வழி சொன்னாள். சனிக்கிழமை அறுவடை முடிந்ததும் கிளம்பிவிடுகிறேன். அப்படியென்றால் இது விருந்தாளி வந்த கணக்குத்தானே, பழைய தாள் பொய்யாகாது, அம்மா பெயரும் கெடாது, எல்லாம் சரியாகிவிடும் என்றாள்.

கொலெட்டுக்கு ஆசையாக இருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் பழையபடி மூடிக்கொள்ளும். ஜினெட்டிடம் தேதியைச் சொல்லிவிடலாம், யாரும் தலைகுனிய வேண்டாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பக்கத்து அறையில் எலோடி தூங்கிக்கொண்டிருந்தாள், ராத்திரி பயந்துகொள்கிற பிள்ளை. எதைப் பார்த்து இந்தப் பிள்ளைக்குப் பயம் வந்தது என்று மூன்று வாரமாக ஒரு முறைகூடக் கேட்கவில்லையே என்று நினைத்தபோது கொலெட்டுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“சனிக்கிழமை கிளம்பி எங்க போவ?” என்று கேட்டாள்.

“போர்ட்லேண்டுக்கு.”

“இதுல எழுதியிருக்கியே, இந்த விலாசத்துக்கா?”

அடுப்பருகே நின்ற ரெயால் கையுறையைத் திருப்பிப் போடுவதை நிறுத்திவிட்டார்.

“அந்த விலாசத்துல இப்ப வேற யாரோ குடியிருக்காங்கம்மா” என்றாள் மிரெய். “ஆகஸ்ட்லேயே காலி பண்ணியாச்சு. ஜேரட் வாடகை கட்டறேன் கட்டறேன்னு சொல்லிட்டு நாலு மாசமாக் கட்டலை. கேட்டா கத்துவான், கதவை உடைப்பான். எலோடி கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவா. அவன் இப்ப எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துது. நீயும் கேக்கலை.”

நீயும் கேட்கவில்லை. ஊரார் பிள்ளைகளில் எது இன்றைக்கு எத்தனை ஸ்பூன் சாப்பிட்டது, எது சாப்பிடாமல் முகத்தைத் திருப்பியது என்று எழுதிவைப்பவள், சொந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

கொலெட் எழுந்துபோய் ஒரு துணியை வெந்நீரில் நனைத்து எடுத்துவந்தாள். மகளின் நெற்றியிலும் கன்னத்திலும் இருந்த மண்ணைத் துடைத்தாள். முப்பது வயதுப் பெண் விலகாமல் முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இனிமே அங்க போறதா இல்லையே?”

“இல்ல.”

“அப்ப எழுது.”

மிரெய் எழுதினாள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி. விலாசம் என்ற இடத்தில் அம்மா வீட்டு விலாசம். பராமரிப்பவர் வீட்டிலேயே குடியிருக்கிறதா என்ற கட்டத்தில் ஆம். எந்தத் தேதியிலிருந்து என்ற இடத்தில், பெட்டிகளோடு வந்து இறங்கிய அந்தத் தேதி. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளா, களைப்பா என்று தெரியவில்லை. இரண்டும் இருக்கும்.

கொலெட்டுக்குத் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது: மகள் போகப்போவதில்லை. மகளின் வாழ்க்கை உடைந்ததில் தனக்கு ஒரு சந்தோஷமா என்று கூசிப்போனாள். கூச்சமும் போகவில்லை, சந்தோஷமும் போகவில்லை.

செப்டம்பர் பட்டியலை எடுத்து, எலோடியின் பெயர் இருந்த வரிகளை ஒவ்வொரு நாளாக ஒற்றைக் கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள். முடித்தபோது நான்கே முக்கால். தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இந்த வீட்டில் இனிமேல் மூடி மறைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மேசைமேல் அந்த இரண்டாவது தாள் கிடந்தது. வீட்டில் இருக்கிற எல்லோர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டியது. பெயருக்கு எதிரே, சென்ற மாதம் வந்த வருமானம். மிரெய் தலையைத் தூக்கி, அது என்ன என்று கேட்டாள்.

“வருமானம் கம்மியா இருக்கற வீட்டுக்காரங்களுக்கு. இதை நிரப்பினா வீட்டுப் பிள்ளைக்கும் சாப்பாட்டுக் காசு உண்டு. உங்கப்பா சம்பளத்துக்கு நமக்கு எங்க கிடைக்கப்போகுது” என்று சொல்லிக்கொண்டே கொலெட் அதை மடிக்கப் போனாள்.

“மடிக்காதே” என்றார் ரெயால்.

அடுப்பருகிலிருந்து அவர் அன்றைக்குப் பேசிய முதல் பேச்சு அது. ஈரக் கையுறைகளைக் கீழே வைத்துவிட்டு வந்து, மகளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் எழுதிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வங்கி, வீட்டுக் கடன், வரி எல்லாம் இந்த வீட்டில் அவர் பொறுப்பு; கொலெட் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது கிடையாது.

“அதையும் நிரப்பு, கொலெட். கிடைக்கும்.”

“எப்படிக் கிடைக்கும்?”

“ஜூன்லேர்ந்தே கிடைக்கும்” என்றார்.

வெளியே ஜினெட்டின் கார் சரளைக்கல் பாதையில் திரும்பும் சத்தம் கேட்டது. கொலெட் எழுந்து கதவைத் திறக்கவில்லை. ஜூன் முதல் அறுவடை தொடங்கும்வரை, வேலை நாள் ஒன்றுகூட விடாமல், காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, ஆலைக்கு எடுத்துப்போக இவருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டு போய் இவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்?